பாக்கியம் விட்டுப்போன மாடு

போன மாதம் குடிநுழைவு இலாகாவில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் ஒருவருடைய மனைவி தனக்கும் அது வேண்டுமென்று மனுப் போட்டிருக்கிறாள். இடையில் தாய் வீட்டுக்குப் போய் நீண்ட நாள் தங்கிவிட்டாள். வெளிநாட்டில் இருந்த நாட்களைக் கழித்தால் போதுமா, அல்லது முதலிலிருந்து எண்ண வேண்டுமா என்று ஆபீசே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறதாம். இதைத் தெளிவுபடுத்த ஒரு சுற்றறிக்கை வந்ததாம். அதைப் படித்த பிறகுதான் சண்டை பெரிதானது என்றார்கள். சுற்றறிக்கைகளின் குணம் என் காலத்திலும் அதுதான்.

"ஒங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் முடிவு பண்ணீங்க?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"ஒரு தடவை மாட்டை வெச்சு முடிவு பண்ணோம்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பியைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்றவர்கள் சங்க மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

நான் ஜொகூரில், பத்து பாகாட்டில் தொழிலாளர் இலாகாவின் கிளை ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மை ஊற்றினேன், கோப்புக் கட்டினேன், ஏச்சு வாங்கினேன். எல்லாக் கிராணிகளும் அப்படித்தான் உருவானார்கள்.

சொல்ல வேண்டியது முப்பதுகளின் கடைசியைப் பற்றி. அதற்குச் சில வருஷம் முன்பு ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விலை கொஞ்சம் தலை தூக்கியதும் வா என்றார்கள். பிறகு இந்தியாவில் இனிமேல் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். இங்கே ஏற்கெனவே குடும்பம் நடத்துகிறவர்கள் ஊருக்குப் போய்வர மட்டும் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தச் சந்தில் நின்று ஆள் பார்ப்பது எங்கள் ஆபீசின் வேலை.

எங்களுக்கு வந்த விதி இதுதான். தோட்டத்தில் வேலை செய்பவன் மனைவி ஊருக்குப் போனால் ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பினால் கேள்வி இல்லை. கெடு தாண்டினால், அவளுடைய குடித்தனம் இங்கே அறுபடாமல் இருந்தது என்று இந்தப் பக்கத்து அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஏற்பட்டால் அவள் நம்முடைய ஆள். ஏற்படாவிட்டால் அடுத்த கப்பலில் திருப்பி ஏற்ற வேண்டும். திருப்தி எப்படி ஏற்படும் என்று விதியில் எழுதவில்லை. அதிகாரிக்கு அதிகாரி அது வேறு.

எங்கள் அதிகாரியை நாங்கள் ரூல்தடித் துரை என்போம். கறுப்பு மரத்தில் கடைந்த உருட்டு ரூல்தடி ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். காரில் போனாலும் மடியில் இருக்கும். அதைக் கொண்டு யாரையும் அடித்ததில்லை. ஒரு விஷயம் முடிந்தது என்று தீர்மானித்தால் அதன் கீழே ரூல்தடியை வைத்து ஒரு கோடு போடுவார். கோடு விழுந்த பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் பேச முடியாது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சிரித்தும் பார்த்ததில்லை. மலாய் நன்றாகப் பேசுவார். தமிழை மதராசில் ஒரு பண்டிதரிடம் படித்துப் பரீட்சை எழுதியவர். அதனால் அவர் தமிழ் பேசினால் யாருக்கும் புரியாது.

குன்றின்மேல் இருந்த பங்களாவில் அவர் தனியாக இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று துரையம்மா சீமைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் போனபோது பெட்டிகளுக்குப் பேர்ச்சீட்டு எழுதியவன் நான்தான். பீங்கான், பியானோ, பியானோவுக்கு முன்னால் போடும் முக்காலி, திரைச்சீலை, திரைச்சீலை மாட்டும் வளையங்கள் எல்லாம் பெட்டியில் ஏறின. துரைக்கு ஒரு கட்டிலும் ஒரு மேசையும் மிஞ்சின. துரையம்மா எத்தனை நாள் வெளியே இருந்தார் என்று எந்த ஆபீசும் எண்ணவில்லை.

துரையின் விசாரணை முறையைச் சொல்ல வேண்டும். புருஷனையும் மனைவியையும் தனித்தனியே வைத்து ஒரே கேள்விகளை ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும். வீடு எந்த வரிசையில், பக்கத்து வீட்டில் யார், அடுப்பு எந்தப் பக்கம், ஆடு மாடு உண்டா. நான் கேட்கும்போது முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. என் முகம் பிறவியிலேயே அப்படித்தான் என்பதால் கஷ்டம் இல்லை. பதில் சொல்பவரைத் துரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். முகம் பார்த்தால் மனசு சாயும் என்பார்.

தொடக்கத்தில் இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போனால் உடனே கோடு போட்டுவிடுவார். ஒரு தடவை ஒரு ஜோடி வந்தது. வீடு, அடுப்பு, அண்டை வீடு, முதல் நாள் வைத்த குழம்பு வரை ஒரே பதில். துரைக்குப் பரம திருப்தி. பத்து நாளில் அந்த ஆள் ஒரு தோட்டத்திலும் அந்த அம்மாள் வேறு தோட்டத்தில் வேறு ஒருவர் வீட்டிலும் இருப்பதாகத் தகவல் வந்தது. தரகன் கப்பலிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு, பதில்கள் ஒத்துப்போனாலும் துரைக்குச் சந்தேகம், ஒத்துப்போகாவிட்டாலும் சந்தேகம். எங்கள் வேலை இரட்டிப்பானது.

இந்த நிலைமையில்தான் பாக்கியம் வந்து சேர்ந்தாள்.

யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் சடையன் என்பவனின் மனைவி அவள். தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போனவள், கைக்குழந்தையோடு கப்பலில் திரும்பியிருந்தாள். சிங்கப்பூருக்கு வெளியே ஒரு தீவில் கப்பல் ஆட்களை இறக்கி நோய் உண்டா என்று பார்ப்பார்கள். அங்கே அவளை நிறுத்திவிட்டார்கள். நோய் இல்லை. கெடு தாண்டியிருந்தது. இந்தியக் கரையில் இருந்தவர்கள், ஜொகூர்க்காரர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதே கப்பல் மறு வாரம் திரும்பப் போகும். அதற்குள் துரை எழுதிக் கொடுக்காவிட்டால் அவளும் பிள்ளையும் அதிலேயே திரும்ப வேண்டியதுதான். சடையன் அவர்கள் பின்னால் போனால் அவனுக்கும் இந்தப் பக்கம் கதவு சாத்திவிடும்.

துரையும் நானும் தீவுக்குப் போனோம். தகரக் கூரைக் கொட்டகையில் பாக்கியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுத்து மெலிந்த பெண். பயந்தவளாகத் தெரியவில்லை. அலுத்துப்போனவளாகத் தெரிந்தாள். துரை தமது தமிழிலேயே தொடங்கினார்.

"பெண்ணே, நீ எக்காரணம் பற்றிக் காலம் தாழ்த்தினாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அய்யா என்னா சொல்றாருங்க? சாமி பாட்டுங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நா எங்கங்க லேட்டு? தீவாளி முடிஞ்சு போனேன், தீவாளிக்கு முந்தி கப்ப ஏறிட்டேன். வருசம் ஆகலீங்களே. தீவாளிக்குத் தீவாளிதான் ஒரு வருசம்னு கங்காணி சொன்னாரு."

துரை கையிலிருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டார். பத்து பாகாட் திரும்பியதும் என்னைப் பஞ்சாங்கம் வாங்கிவரச் சொன்னார். இரண்டு வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீபாவளியைத் தேடிக் கண்டுபிடித்தார். முதல் வருஷம் முன்கூட்டியே வந்த தீபாவளி, மறு வருஷம் சில வாரம் தள்ளிப் போயிருந்தது. பாக்கியம் தீபாவளிக் கணக்கில் கெடுவுக்குள் வந்துவிட்டாள். சர்க்கார் கணக்கில் தாண்டிவிட்டாள்.

"உங்கள் பண்டிகைக்கு ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன். அதற்கு மேல் பண்டிகையின் சார்பில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இது பிறகு நடந்தது. தீவில் மற்ற கேள்விகளையும் கேட்டு முடித்தோம். வீடு தண்ணிக் குழாய்க்கு அடுத்தது, பக்கத்து வீட்டில் அஞ்சலை, அடுப்பு உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் என்று தயங்காமல் சொன்னாள். கடைசிக் கேள்வி ஆடு மாடு.

"மாடு ஒண்ணு இருக்குங்க. செவலை. ஒரு கொம்பு நுனி ஒடஞ்சிருக்கும். எங்கம்மா வீட்டுச் சீருல வந்த கொலுச வித்து நா வாங்குன மாடு." சொல்லும்போது முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. துரை நிமிர்ந்து பார்க்காததால் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் சடையனை ஆபீசுக்கு வரவழைத்தோம். வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வந்து நின்றான். நல்ல உயரம். உயரத்துக்கேற்ற தைரியம் இல்லை. வீடு எது என்று கேட்டேன். கடைசி வரிசையில் சாக்கடை ஓரம் என்றான். பக்கத்து வீட்டில் யார்? ரெண்டு மலையாளத்து ஆளுங்க. அடுப்பு? வெளியிலே மூணு கல்லு. துரையின் பேனா நின்றது. கூடவே விளக்கமும் வந்தது. பெண்டாட்டி ஊருக்குப் போனால் குடும்ப வீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒண்டியாட்கள் லயத்துக்கு மாற்றுவது அந்தத் தோட்டத்து வழக்கமாம். தோட்டத்து ஆபீசில் விசாரித்தோம். உண்மைதான். துரை அதை ஒப்புக்கொண்டார்.

ஆனால் மாட்டில் மாட்டிக்கொண்டான்.

"மாடுங்களா? மாடெல்லாம் ஏதுங்க தொர. மாடும் இல்ல, ஆடும் இல்ல, ஒரு கோழி கூட இல்லீங்க" என்றான். கேட்காத கோழியைப் பற்றியும் சொன்னதில் எனக்குச் சந்தேகம் தட்டியது. மறுபடியும் கேட்டேன். துரையின் விதிப்படி மறுபடி கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றான். அவன் நெற்றியிலிருந்து எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வழிந்தன.

அவன் போன பிறகு துரை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வீடு மாறியிருக்கலாம். ஒரு மாட்டை ஒருவன் மறக்க முடியாது. ஒன்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது இவன் அவள் புருஷன் இல்லை" என்றார். ரூல்தடியைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் தீவில் தன் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள், இங்கே ஒருவன் அதை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தால் ஆத்திரமாக வந்தது. அப்போது பதினொரு மணிப் பப்பாளிப் பழம் தட்டில் வந்தது. துரை பப்பாளி சாப்பிடும்போது கோடு போடுவதில்லை. ரூல்தடி மேசைக்குத் திரும்பியது. அன்று மத்தியானம் அவருக்கு மூவாரில் வேலை இருந்தது. விஷயம் மறுநாளைக்குத் தள்ளிப் போனது.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். தலையில் சொங்கோக் குல்லா, கக்கத்தில் குடை. யோங் பெங்கிலிருந்து முதல் பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் வந்து, அங்கே பஸ் மாறி வந்திருக்கிறார். பேர் பாக் மான். சடையன் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில் இருப்பவர். தோட்டத்துச் சனங்களோடு பழகி அரைகுறைத் தமிழும் பேசுவார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அந்த பொம்புளெ தீவுல இருக்காளாம். லயத்துல சொன்னாங்க. திருப்பி அனுப்பப் போறீங்களாம். அனுப்பாதீங்க லா. அவ வரணும்."

"ஒங்களுக்கு அவ என்னா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். கன்னுக்குட்டியெப் பிரிக்கணும்."

நான் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் துரையிடம் கொண்டுபோனேன். உள்ளே போனதும் அவர் மலாய்க்கு மாறிவிட்டார். விஷயம் இதுதான். ஊருக்குப் போவதற்கு முன்னால் பாக்கியம் தன் மாட்டை இவரிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறாள். நம் பக்கத்தில் வாரம் என்பதை மலாய்க்காரர்கள் பாவா என்பார்கள். மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர். முதல் கன்று வளர்த்தவருக்கு, இரண்டாவது மாட்டுக்காரருக்கு, அப்படியே மாறி மாறிப் போகும். மாடு இவரிடம் வந்து முதல் கன்று போட்டுவிட்டது. கன்று இவருடையதுதான். ஆனால் மாட்டுக்காரி வந்து கண்ணால் பார்த்து, சரி என்று சொல்லும் வரை இவர் அதை விற்க முடியாது. விற்றால் கம்பத்தில் பேர் கெட்டுவிடும்.

"புருஷன் பார்த்தால் போதாதா?" என்று துரை மலாயில் கேட்டார்.

"மாடு அவனுடையது இல்லையே துவான். அவளுடையது. அவன் வந்து பார்த்துச் சரி என்றால், யாரைக் கேட்டுச் சரி என்றாய் என்று அவள் வந்து இரண்டு பேரையும் ஏசுவாள். அவளை எனக்குத் தெரியும்."

துரை ரூல்தடியைக் கொஞ்ச நேரம் உருட்டினார். "அவள் போகும்போது என்ன சொன்னாள்?"

"வந்து பார்க்கிறேன் என்றாள்."

"போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"இல்லை துவான்" என்றார் பாக் மான். "ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். எங்கள் கம்பத்தில் மாடு விட்டிருந்தவர்கள் எல்லாரும் போவதற்கு முன்னால் வந்து, மாட்டை விற்றுப் பிரித்துக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வராதவன் பாவாவை முடித்துவிட்டுத்தான் போவான். அதுதான் வழக்கம். இவள் முடிக்கவில்லை."

"மறந்திருக்கலாம்."

"அலமாக். மாட்டையா?" என்றார் பாக் மான்.

துரை எழுந்து தொப்பியை எடுத்தார். மாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தொழிலாளர் இலாகாவில் ஒரு மாட்டை விசாரிக்க அதிகாரி காரில் போனது, எனக்குத் தெரிந்தவரை அது ஒன்றுதான். பாக் மானை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். யோங் பெங் வரைக்கும் அவர் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். காரில் போவது அவருக்கு அது முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் மாடு கட்டியிருந்தது. செவலை. இடது கொம்பின் நுனி உடைந்திருந்தது. பக்கத்தில் வளர்ந்த கன்று ஒன்று. துரை மாட்டைச் சுற்றி வந்தார். ரூல்தடியால் கொம்பை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். மாடு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விசாரணை முறை அதற்கும் தெரிந்திருந்தது.

அதற்குள் செய்தி தோட்டத்துக்குப் போய், சடையன் வேலை உடுப்போடு வேலி ஓரம் வந்து நின்றான். துரை என் மூலமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாடு இல்லை என்று ஏன் சொன்னாய்?

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "தோட்டத்துல மாடு வெக்கக் கூடாதுங்க. புது ரப்பர்க் கன்னுங்களத் தின்னுடுதுன்னு, மாடு வெச்சவங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அதனாலதான் இவ கம்பத்துல விட்டா. நீங்க மாடு இருக்கான்னு கேட்டதும், எங்க தோட்டத்துப் பெரிய தொர காதுக்குப் போயிடுமோன்னு..."

"மாடு தோட்டத்துலயே இல்லையேடா" என்றேன். விசாரணையில் 'டா' போடக் கூடாது. போட்டேன்.

"ஆமாங்க. ஆனா கேட்டது தொரயாச்சே." தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளத் திருப்பி அனுப்பிடாதீங்கய்யா. புள்ளய நா இன்னும் பாக்கலீங்க" என்றான்.

அதுவரை அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்று இருந்தேன். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துரைக்கு மொழிபெயர்த்தேன். அவர் காருக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது, ஆயர் ஈத்தாம் தாண்டியதும் துரை தாமாகவே பேசினார். "திரும்பி வரும் எண்ணம் என்று எங்கள் சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய புத்தகங்களில் அது மனிதர்களைப் பற்றியது அல்ல. புறாவையும் மானையும் பற்றியது. வெளியே போனாலும் திரும்பி வரும் பழக்கம் இருந்தால், அந்தப் பிராணி வெளியே இருக்கும்போதும் அந்த வீட்டைச் சேர்ந்ததுதான்."

"நல்ல சட்டம் சார்" என்றேன்.

பிறகு, கோப்பில் ஒரு குறிப்பைப் படிக்கிற குரலில், "என் மனைவி போகும்போது இந்த நாட்டில் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை" என்றார்.

திரைச்சீலை வளையங்களுக்கு நான் எழுதிய பேர்ச்சீட்டு ஞாபகம் வந்தது. "இல்லை சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அந்த மனுஷனுக்காக மனசு வலித்தது. அதைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

அன்று சாயங்காலமே பாக்கியத்தின் குடித்தனம் இங்கே அறுபடவில்லை என்று எழுதி, கீழே கோடு போட்டார். காரணம் என்ற இடத்தில் 'மாடு' என்று எழுதினார். ஜொகூர் பாருவில் இருந்த பெரிய ஆபீசிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மாடு என்பது எந்த வகைச் சான்று, அதற்கு ஆதாரம் உண்டா? துரை பதில் எழுதினார்: 'உண்டு. நேரில் பார்வையிடப்பட்டது.' அதன் பிறகு கேள்வி வரவில்லை.

கப்பல் பாக்கியத்தை விட்டுவிட்டுப் போனது. தீவிலிருந்து வந்தவளை யோங் பெங் போகும் முன் எங்கள் ஆபீசில் கைநாட்டு வைக்க அழைத்து வந்தார்கள். சடையன் வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பால் வாளியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தை அழுதது. அவனும் அழுதான். ஆபீசில் யாரும் அதைக் கவனிக்காதது போல் வேலை செய்தோம்.

பாக்கியம் கைநாட்டு வைத்துவிட்டு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "கன்னு போட்டிருக்காமே. கெடாரியாங்க, காளையாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"கெடாரி" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "மொதக் கன்னு கெடாரியாப் போச்சா. அது அவருக்குப் போயிடுமே. ம். அடுத்தது எனக்குத்தான்."

துரை தமது அறையிலிருந்து வெளியே வந்தார். அன்றுதான் முதல் தடவையாக விசாரணைக்கு வந்த ஒருவரை நிமிர்ந்து பார்த்தார். தமது பரீட்சைத் தமிழில் கேட்டார்.

"பெண்ணே, இனியும் நீ தாய்நாடு செல்வாயோ?"

இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது. "அடுத்த புள்ளைக்குப் போவணுமே தொர. மொதப் புள்ளைக்கு எங்கம்மா என்னய நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.

இந்தப் பதில் சர்க்கார் காதில் விழக்கூடாத பதில். சடையன் குழந்தையோடு விறைத்துப் போனான். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் துரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"செல்லுங்கால் மாட்டை விற்காதே" என்றார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, பல வருஷமாக எடுக்காமல் வைத்திருந்த விடுப்பைத் துரை கேட்டு வாங்கினார். சீமைக்குப் போகிறவர்களின் சாமான்களைக் கட்டிப் பேர்ச்சீட்டு எழுதுவது என் வேலை என்பதால், எந்த நாளில் வரட்டும் என்று கேட்டேன். கட்ட வேண்டாம், கட்டில், மேசை எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். ரூல்தடியைக்கூட ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகித் திரும்பி வந்தார். கப்பலிலிருந்து அவரை அழைத்துவர நான்தான் போனேன். இரண்டு பேருக்கு இடம் இருக்கட்டும் என்று காரின் பின்சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் தனியாகத்தான் இறங்கி வந்தார். பத்து பாகாட் வந்து சேரும் வரை சீமையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆபீஸ் வாசலில் கார் நின்றதும், அந்தச் செவலை மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவது கன்று போட்டிருக்கிறது என்றேன். அது யாருக்கு என்று கேட்டார். பாக்கியத்துக்கு என்றேன்.